திட்டினால் தீருமா குடிநோய்?

கடையை மூடிய பெண்கள்

ஆந்திர மாநிலத்தில் நெல்லூர் மாவட்டம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. மாலை நேரங்களில் பெண்கள் கூடிப் படித்தார்கள். அவர்கள் படித்த பாடங்களில் ஒன்று சாராயத்தைப் பற்றியது. ஒரு கிராமத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக் கடையை மூடவைத்த கதை அது.

படித்த பெண்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 1992இல் தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள், சாராயம் தங்கள் ஊருக்குள் வரக்கூடாது என்று தடுத்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் ரோசம்மா. செய்தி ஊர் ஊராகப் பரவியது. பல கிராமங்களில் பெண்கள் திரண்டார்கள். சாராயக் கடை ஏலத்தை எதிர்த்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திர அரசு மாநிலம் முழுவதும் சாராயத்தைத் தடை செய்தது. 1995 ஜனவரியில் எல்லா மதுவுக்கும் தடை வந்தது. 1997இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது.

ஊர் கூடினால் கடையை மூடலாம். ஆனால் பல ஆண்டுகள் குடித்துப் பழகியவரின் உடம்பு, கடை மூடிய பிறகும் குடியைக் கேட்கும். அவர் பக்கத்து ஊருக்குப் போவார். கள்ளச்சாராயத்தைத் தேடுவார். பீகார் மாநிலத்தில் 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தது. அப்போது அரசு மாவட்டந்தோறும் போதை மீட்பு மையங்களையும் திறந்தது. கடையை மூடுவது ஒரு வேலை. நோயைத் தீர்ப்பது இன்னொரு வேலை.

அந்த இரண்டாவது வேலைக்குச் சிகிச்சை வேண்டும். வீட்டாரின் துணையும் வேண்டும். அந்தத் துணை எப்படி இருக்க வேண்டும்?

பழக்கமா? நோயா?

குடிக்கிற எல்லோரும் குடிநோயாளி ஆவதில்லை. ஆனால் எல்லாக் குடிநோயாளியும் ஒரு காலத்தில் கொஞ்சமாகக் குடிக்கத் தொடங்கியவரே.

முதலில் உடல் வலி தீரக் குடிக்கிறார். அல்லது நண்பர்களோடு குடிக்கிறார். போகப் போக அதே அளவு போதவில்லை. அளவு கூடுகிறது. மது மூளையின் வேலையை மெல்ல மாற்றிவிடுகிறது. மது இல்லாமல் மூளையால் அமைதியாக இருக்க முடியவில்லை. அப்போது அவர் சந்தோஷத்துக்காகக் குடிப்பதில்லை. கை நடுக்கத்தை நிறுத்துவதற்காகக் குடிக்கிறார். இதுவே குடிநோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

குடிநோயின் அடையாளங்கள் இவை:

1. குடிக்க வேண்டும் என்ற எண்ணம் விடாமல் துரத்தும்.
2. ஒரு கிளாஸ் என்று தொடங்குவார். நிறுத்த முடியாது.
3. முன்பு குடித்த அளவு இப்போது போதாது.
4. குடிக்காவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது.
5. வேலை, பிள்ளைகள், சாப்பாடு எல்லாம் பின்னுக்குப் போகும்.
6. உடம்பு கெடுகிறது என்று தெரிந்தும் குடிப்பார்.

இவற்றில் சில ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மத்திய அரசு 2019இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் அதை நடத்தியது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது குடிக்கிறார்கள் என்று அது கூறியது. அவர்களில் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேருக்குக் குடியால் வந்த தொல்லைக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மற்ற 37 பேருக்கு வீட்டிலும் தெருவிலும் கிடைத்தது பெரும்பாலும் திட்டுதான்.

சர்க்கரை நோய் வந்தவரை யாரும் அடித்துத் திருத்துவதில்லை. மருந்து கொடுக்கிறார்கள். சாப்பாட்டை மாற்றுகிறார்கள். குடிநோய்க்கும் அப்படித்தான். ஆனால் ஒன்று. நோய் என்பதால் அவர் செய்கிற எல்லாம் சரி என்று ஆகாது. அடிப்பது குற்றமே. கடன் அவர் கடனே. நோயில் இருந்து மீள வேண்டிய பொறுப்பும் அவருக்கு உண்டு.

ஒரு வீட்டில் நடப்பது

கர்நாடகத்தில் கோலார் தங்க வயல் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் ஊர் அது. 2001இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வேலை செய்து, இரவில் திரும்புகிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். இப்படிப்பட்ட குடும்பம் எந்த ஊரிலும் இருக்கும்.

கணவர் பெயின்டர். நல்ல வேலைக்காரர். வாரக் கூலி வாங்கும் நாளில் குடித்தவர், இப்போது தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுங்குகிறது. பிரஷ் பிடிக்கவே ஒரு பாக்கெட் மது வேண்டியிருக்கிறது. மனைவி வீட்டு வேலைக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள். மாமியாரும் உடன் இருக்கிறார்.

அவர் வேலைக்குப் போகாத நாளில் மேஸ்திரியிடம் இருந்து போன் வரும். மனைவிதான் எடுப்பார். அவருக்குக் காய்ச்சல் என்பார். கடன்காரர் வந்தால் கம்மலை அடகு வைத்துக் கொடுப்பார். அவர் வாந்தி எடுத்தால் யாரும் எழுவதற்குள் கழுவிவிடுவார். இரவில் அவர் போதையில் இருக்கும்போது அழுது சண்டை போடுவார். காலையில் ஒன்றும் பேசமாட்டார். மாமியாரோ, "ஆம்பளை உழைக்கிறான், ரெண்டு வாய் குடிக்கிறான்" என்று மகனுக்குப் பரிந்து பேசுவார்.

ஒரு நாள் மனைவி ஆஷா பணியாளரிடம் மனம் விட்டுப் பேசினார்.

"அக்கா, இந்த மாசம் மட்டும் மூணு தடவை காய்ச்சல்னு பொய் சொல்லிட்டேன். வேலை போயிட்டா பிள்ளைங்க கதி என்ன ஆகும்?"

"நீ நல்லதுக்குத்தான் சொல்றே. ஆனா அவரு குடிச்சதுக்கு உண்டான கஷ்டத்தை யாரு படுறது?"

"நான்தான் படுறேன்."

"அவருக்கு ஒரு கஷ்டமும் தெரியலையே. அப்புறம் எதுக்கு அவரு டாக்டரைப் பார்க்கப் போறாரு?"

மனைவி யோசித்தார். இதுவரை தான் செய்தது கணவருக்குச் செய்த உதவி என்று நினைத்திருந்தார். அதில் பாதி, குடிக்குச் செய்த உதவி என்று இப்போது தெரிந்தது.

எது துணை? எது துணை இல்லை?

அவருக்குச் சாப்பாடு போடுவது துணை. குடிக்கப் பணம் கொடுப்பது துணை இல்லை.

அவரோடு மருத்துவமனைக்குப் போவது துணை. மேஸ்திரியிடம் அவருக்காகப் பொய் சொல்வது துணை இல்லை.

மயங்கிக் கிடந்தால் உயிருக்கு ஆபத்து வராமல் பார்ப்பது துணை. குடியால் வந்த கடனை நகை விற்று அடைப்பது துணை இல்லை.

செய்ய முடிந்ததைச் சொல்வதும், சொன்னதைச் செய்வதும் துணை. "இன்னொரு தடவை குடித்தால் போய்விடுவேன்" என்று தினமும் சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது துணை இல்லை. அந்தச் சொல்லுக்கு மதிப்பு போய்விடும்.

எப்போது பேசுவது, எப்படிப் பேசுவது?

போதையில் இருப்பவரிடம் பேசிப் பயன் இல்லை. அவர் மனதில் அது நிற்காது. சண்டைதான் வளரும். காலையில் தெளிவாக இருக்கும்போது பேச வேண்டும். பிள்ளைகள் முன்னாலும், ஊரார் முன்னாலும் பேசக் கூடாது. "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று பழிக்கக் கூடாது. நடந்ததைச் சொல்ல வேண்டும். தன் மனதைச் சொல்ல வேண்டும். ஒரு வழியைச் சொல்ல வேண்டும்.

அந்த மனைவி இப்படிப் பேசினார்:

"சனிக்கிழமை ராத்திரி நீங்க ஸ்டேஷன் படிக்கட்டுல விழுந்து கிடந்தீங்க. சின்னவன் பார்த்துட்டு ராவெல்லாம் அழுதான். எனக்குப் பயமா இருக்கு. இனிமே மேஸ்திரிகிட்ட நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா நானும் கூட வர்றேன்."

அன்று அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு தடவை பேசியதும் எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கோபம் இல்லாமல் திரும்பவும் சொல்ல வேண்டும்.

திடீரென்று நிறுத்தலாமா?

சில நாள் கழித்து மேஸ்திரி அவரை வேலையை விட்டு நிறுத்தினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கோயிலில் சத்தியம் செய்துவிட்டு, அன்றே குடியை நிறுத்தினார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் கை கால் நடுங்கின. வியர்த்துக் கொட்டியது. தூக்கம் இல்லை. இரண்டாம் நாள் காலையில் வலிப்பு வந்தது.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வாந்தியும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சிகள் தெரியும். யாரோ கூப்பிடுவது போலக் கேட்கும். இடம், நாள் தெரியாது. இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அது பேய் இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

ஆகவே குடியை நிறுத்தும் நாளை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க மருத்துவர் சில நாள் மருந்து கொடுப்பார். அதிகம் குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற வைட்டமின் குறைந்துவிடும். அதையும் கொடுப்பார். அந்த மருந்துகளைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியவை இவை: அவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். பக்கத்தில் உள்ள கூரான பொருள்களை அகற்ற வேண்டும். வாயில் ஸ்பூன், துணி எதையும் திணிக்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கக் கூடாது. கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது. உடனே 108 அல்லது 112 எண்ணில் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

அந்த வீட்டில் மாமியார் சாவிக் கொத்தைத் தேடினார். ஆஷா அக்கா ஓடி வந்து அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அவர் பிழைத்தார்.

தெரியாமல் மருந்து கலக்கலாமா?

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று பஸ் நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டியிருக்கும். குழம்பில் கலக்கப் பொடி தருவார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது.

டைசல்பிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் குறையும். அந்தப் பயத்தால் குடிக்காமல் இருப்பார். மருத்துவர் பரிசோதித்த பிறகு, நோயாளிக்கு எல்லாம் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுக்கும் மருந்து அது. தெரியாமல் கலந்து கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார். உயிருக்கு ஆபத்து வரும். பிறகு வீட்டுச் சோற்றையே அவர் நம்பமாட்டார்.

சிகிச்சை எங்கே கிடைக்கும்?

பல மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் இருக்கிறார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதை நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 என்பது மனநல உதவி எண். 2022இல் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழ் உள்படப் பல மொழிகளில் பேசலாம்.

சிகிச்சை இரண்டு பங்கு. முதல் பங்கு, உடம்பில் இருந்து மதுவை விலக்குவது. அதற்குச் சில நாள் போதும். இரண்டாவது பங்கு, மது இல்லாமல் வாழப் பழகுவது. அதற்கு மாதங்கள் ஆகும். ஆலோசகர் நோயாளியோடும் வீட்டாரோடும் பேசுவார். மது ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு.

குடியை விட்டவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் குழுக்கள் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர். ஏஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. நம் நாட்டிலும் பல ஊர்களில் கூட்டம் நடக்கிறது. கட்டணம் இல்லை. குடிநோயாளிகளின் வீட்டாருக்காக அல்-அனான் என்ற குழு இருக்கிறது. கணவர் குடியை விடாவிட்டாலும் மனைவி அங்கே போகலாம்.

ஒரு மையத்தில் சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அரசுப் பதிவு உண்டா, மருத்துவர் வருகிறாரா, வீட்டார் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். அடிப்பதும் சங்கிலியால் கட்டுவதும் சிகிச்சை இல்லை. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது.

வீடு திரும்பிய பிறகு

அவர் வீடு திரும்பினார். முதல் மாதங்களில் தூக்கம் குறைவாக இருந்தது. எரிச்சல் இருந்தது. மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டார் சேர்ந்து சில ஏற்பாடுகள் செய்தார்கள்.

பசி வந்தால் குடி ஆசை வரும். வேலை முடிந்ததும் சாப்பிட அவர் பையில் வேர்க்கடலையும் பழமும் வைத்தார்கள். கூலி வாங்கும் நாள் ஆபத்தான நாள். அன்று மனைவியும் ஸ்டேஷனுக்குப் போனார். கடை இருக்கும் தெருவை விட்டு வேறு தெரு வழியாக நடந்தார்கள். மாமியாரும் பரிந்து பேசுவதை நிறுத்தினார். மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் போனார்கள்.

"குடிச்சியா? வாயை ஊது பார்க்கலாம்" என்று தினமும் கேட்பது அவரை நோகடிக்கும். பழைய கணக்கை எடுத்துக் குத்திக்காட்டுவதும் அப்படியே. ஒரு நாள் குடிக்காமல் இருந்தால், "இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தை சொல்வது நல்லது. ரேஷன் வாங்குவது, பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போவது போன்ற பொறுப்புகளை மெல்ல மெல்லத் திருப்பித் தர வேண்டும்.

நான்கு மாதம் கழிந்தது. உறவினர் வீட்டுச் சாவுக்குப் போனவர் அங்கே குடித்துவிட்டார். இரவில் தள்ளாடி வந்தார். மனைவிக்கு நெஞ்சு உடைந்தது. ஆனால் இரவில் ஒன்றும் பேசவில்லை. காலையில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து நடந்தது நேத்தோட போகட்டும்" என்றார் மனைவி. "இன்னைக்கே டாக்டர்கிட்ட போலாம். கிளம்புங்க."

இதைச் சறுக்கல் என்பார்கள். குடியை விட்டவர்களில் பலருக்குச் சறுக்கல் வருகிறது. அதனால் நான்கு மாத முயற்சி வீணாகிவிடாது. எந்த இடத்தில், யாரோடு, எந்த மனநிலையில் சறுக்கினார் என்று மருத்துவர் கேட்பார். அடுத்த தடவை என்ன செய்வது என்று திட்டமிடுவார். ஒரு நாள் சறுக்கல் ஒரு மாதக் குடியாக மாறுவதற்குள் மருத்துவரிடம் போவதே முக்கியம்.

துணை நிற்பவருக்கும் துணை வேண்டும்

வீட்டில் ஒருவர் குடித்தால் மற்றவர்களுக்கும் உடம்பு கெடும். தூக்கம் போகும். பயம் வரும். "என்னால்தான் அவர் குடிக்கிறார்" என்ற எண்ணம் வரும். அது உண்மை இல்லை. மனைவி சமைத்த குழம்பாலோ, பேசிய பேச்சாலோ யாருக்கும் குடிநோய் வருவதில்லை. பிள்ளைகளிடமும் இதைச் சொல்ல வேண்டும்: "அப்பாவுக்கு நோய். நீ தப்பு ஒண்ணும் பண்ணலை."

அடி, உதை இருந்தால் முதலில் பாதுகாப்பு. பொறுத்துப் போவது துணை இல்லை. பிள்ளைகளோடு நம்பிக்கையான வீட்டுக்குப் போய்விட வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. அவசரத்துக்கு 112. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பெண்ணுக்குப் பாதுகாப்பும், அதே வீட்டில் வாழும் உரிமையும் தருகிறது. பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி மாவட்ட நீதிமன்றத்தில் கிடைக்கும்.

சிலர் எவ்வளவு சொன்னாலும் சிகிச்சைக்கு வரமாட்டார்கள். அப்போதும் மனைவி தன் வருமானத்தைக் காக்கலாம். பிள்ளைகளின் படிப்பைக் காக்கலாம். குழுவில் சேர்ந்து பேசலாம். அவர் வருகிற நாளில் வழிகாட்ட மருத்துவமனை முகவரியைக் கையில் வைத்திருக்கலாம்.

நினைவில் வைப்போம்

குடிநோய் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு.
தினமும் குடிப்பவர் மருத்துவர் துணை இல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.
தெரியாமல் மருந்து கலக்கக் கூடாது.
நோயாளிக்குத் துணை நிற்போம். நோய்க்குத் துணை போகமாட்டோம்.
சறுக்கினால் மறுபடி எழலாம்.

கேள்விகள்

1. நெல்லூர்ப் பெண்கள் எந்த ஆண்டில் சாராயத்தைத் தடுக்கத் தொடங்கினார்கள்?
2. மேஸ்திரியிடம் பொய் சொன்னது ஏன் கணவருக்கு உதவியாக இல்லை?
3. வலிப்பு வந்தவருக்குச் செய்யக் கூடாதவை எவை?
4. சறுக்கிய மறுநாள் மனைவி என்ன சொன்னார்? நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குடிநோய்க்கு எங்கே சிகிச்சை கிடைக்கும்? எந்தக் கிழமை மருத்துவர் வருவார்? விசாரித்து எழுதி, படிப்பு மையச் சுவரில் ஒட்டுங்கள். 14446, 14416, 181, 112 ஆகிய எண்களையும் பெரிதாக எழுதுங்கள்.